உப்புத் தண்ணீரால் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக வருகிறது. கீசருக்குள் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் கேட்கிறது. துவைத்த துண்டு காய்ந்ததும் அட்டையாக விறைத்துப்போகிறது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் இந்த மூன்று புகாரையும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஸ்பேனரோடு போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பழுது இயந்திரத்துக்குள் இருக்காது. தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில், கட்டைவிரல் அகல வலையில் இருக்கும். அதைப் பார்க்காமலே புது வால்வும் புது மோட்டாரும் வாங்கியவர்கள் நிறைய. அதனால்தான் செலவில்லாத காரணத்திலிருந்து செலவுள்ள காரணம்வரை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## கை வைக்கும் முன்

முதலில் கோளாறுக்குக் காரணம் தண்ணீர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிக் கொஞ்சம் போட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை நின்றால் தண்ணீர் மென்மை. நுரை எழாமல், திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் கடினம், அதாவது சுண்ணாம்பு மிகுந்த உப்புத் தண்ணீர். சலவைத்தூளை வைத்து இதைச் செய்யாதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

எண்ணாகத் தெரியவேண்டும் என்றால் கடினத்தன்மை காட்டும் சோதனைப் பட்டை வாங்குங்கள். லிட்டருக்கு 60 மில்லிகிராம்வரை மென்மை, 120-ஐத் தாண்டினால் கடினம், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம். டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

அடுத்து, படிந்திருப்பதில் ஒரு சில்லைப் பெயர்த்து வினிகரில் போட்டுப் பாருங்கள். குமிழ் விட்டுக் கரைந்தால் சுண்ணாம்புப் படிவு. கீழே சொல்லும் வழிகள் எல்லாம் அதற்கு வேலை செய்யும். குமிழே வராமல் கல்லாகக் கிடந்தால் அது வேறு வகை உப்பு, வினிகரும் சிட்ரிக் அமிலமும் அதை அசைக்காது. அங்கே நேரத்தை வீணாக்காமல் பாகத்தை மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

மூன்று எச்சரிக்கை. வினிகர், சிட்ரிக் அமிலம், கழிவறை ஆசிட் என எந்த அமிலத்தையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. மின்சாதனம் எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொடுங்கள். பிளக் இல்லாத கீசர் என்றால் மின்பலகையில் அதற்கான எம்.சி.பி.யை (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்சை) இறக்கிவிடுங்கள். கழிவறை ஆசிட்டைக் குழாயிலும் இயந்திரத்திலும் ஊற்றவே கூடாது. குரோம் பூச்சு, பித்தளை, அலுமினியம் எல்லாவற்றையும் அரித்துவிடும். பளிங்குத் தரையில் வினிகர் சொட்டினாலே தழும்பு விழும்.

## அறிகுறி: குழாயில் தண்ணீர் குறைந்துவிட்டது

ஒரே ஒரு குழாயில் மட்டும் என்றால்: குழாய் வாயில் திருகியிருக்கும் வலைமூடியைக் கழற்றுங்கள். கையால் வரவில்லையென்றால் துணி சுற்றி பிளையரால் மெதுவாகத் திருப்புங்கள். கழற்றியதும் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பீறிட்டு வந்தால் கோளாறு அந்த மூடியில்தான். வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்து டூத் பிரஷால் தேய்த்தால் போதும். ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தலைகீழாகப் போட்டால் ஒழுகும். மூடி இல்லாமலும் குறைவாகவே வந்தால் குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் அடைத்திருக்கும் அல்லது சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வு (அந்தக் குழாய்க்கு மட்டும் தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வு) முழுதாகத் திறந்திருக்காது. வால்வை முதலில் பாருங்கள்.

ஷவர் கோணல்மாணலாகப் பீச்சினால்: கழற்ற வரும் ஷவரை வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் அமிழ்த்துங்கள், ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி. கழற்ற வராததற்கு ஒரு பிளாஸ்டிக் பையில் கரைசலை ஊற்றி ஷவர் முகத்தில் கட்டிவிடுங்கள். அரைமணி, அதிகம் போனால் ஒரு மணி நேரம். இரவு முழுக்க விட்டால் பூச்சு மங்கிவிடும். ஊசியால் துளையைக் குத்தாதீர்கள், துளை பெரிதாகி இன்னும் கோணலாகும்.

சுடுதண்ணீர்ப் பக்கம் மட்டும் குறைந்தால்: இது நல்ல துப்பு. குளிர்ந்த பக்கம் நன்றாக வருகிறது என்றால் மேல்தொட்டியிலும் பிரதான குழாயிலும் குறையில்லை. கீசரின் வெளிவாய், அதிலிருந்து வரும் நெகிழ்குழாய், சுடுதண்ணீர்க் குழாய் என்று இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். நெகிழ்குழாயைக் கழற்றி உள்ளே பார்க்கலாம், மாற்றவும் எளிது. சுவருக்குள் போகும் குழாயே அடைத்திருந்தால் பிளம்பர் வேலை.

வீடு முழுக்க என்றால்: தொட்டியின் கேட் வால்வு, வழியில் மாட்டியிருக்கும் வடிகட்டி, குழாயில் காற்றடைப்பு. பழைய இரும்புக் குழாயில் உப்பும் துருவும் சேர்ந்து உள்வட்டம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அதைச் சுத்தம் செய்ய முடியாது, குழாயை மாற்றத்தான் வேண்டும்.

## அறிகுறி: கீசர் சத்தம் போடுகிறது

படபடவென்று பொரிகிற சத்தம் என்றால் தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டின் மேல் உப்பு ஓடு கட்டிவிட்டது. ஓட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து வெடித்து வெளியேறும் சத்தம் அது. உடனே ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டுக்குள் எலிமெண்ட் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கிறது. விட்டுவைத்தால் அதன் உலோக உறை விரிசல் விடும்.

முதல் வேலை தெர்மோஸ்டாட்டைக் குறைப்பது. 60 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் 55-60க்கு இறக்குங்கள். தண்ணீர் சூடாகச் சூடாக உப்பு வேகமாகப் படியும். அதே நேரம் 50-க்குக் கீழே இறக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீர் தேங்கினால் கிருமி வளரும்.

இரண்டாவது, அடிவண்டலை வெளியேற்றுவது. மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, கீசருக்குத் தண்ணீர் வரும் உள்வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, கீசரின் வடிகால் வழியாகக் காலி செய்யுங்கள். பிறகு உள்வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இரண்டு மூன்று தடவை அலசினால் வெள்ளை மணல் பக்கெட்டில் விழும். தொட்டி நிரம்பி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகே மின்சாரத்தைப் போடவேண்டும். காலித் தொட்டியில் போட்டால் எலிமெண்ட் சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

அலசியும் சத்தம் போகவில்லையா? எலிமெண்டைக் கழற்றியே ஆகவேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், கேஸ்கெட்டும் மின் இணைப்பும் சம்பந்தப்பட்ட வேலை. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். விரல் பருமனே இருக்கவேண்டிய எலிமெண்ட் மணிக்கட்டுப் பருமனில் வெளியே வரும். பவளப் பாறை மாதிரி அடுக்கடுக்காக வெள்ளையும் பழுப்புமாய் ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பெயர்க்க விடாதீர்கள். நானே ஒருமுறை அப்படித் தட்டி உறையில் பள்ளம் விழச் செய்தேன், இரண்டு மாதத்தில் அந்த எலிமெண்ட் போய்விட்டது. மின் முனைகள் நனையாமல் மேலே தூக்கிப் பிடித்தபடி, வளைவுப் பகுதியை மட்டும் சிட்ரிக் அமிலக் கரைசலில் வையுங்கள். சீறிக்கொண்டு நுரைக்கும், ஒரு மணி நேரத்தில் ஓடு முட்டைத்தோல் போலக் கழன்று விழும். கரைசல் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். அதிகச் சூட்டில் சிட்ரிக் அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து கரையாத வேறொரு வெள்ளைப் படிவாக மாறும்.

திறந்த கையோடு மெக்னீசியம் ஆனோடு கம்பியையும் பாருங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துகொடுக்கும் கம்பி அது. நடுவில் இருக்கும் எஃகுக் கம்பி தெரிய ஆரம்பித்திருந்தால் மாற்றிவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எலிமெண்ட் போனால் எலிமெண்ட் மட்டும்தான், ஆனோடு தீர்ந்ததைக் கவனிக்காவிட்டால் தொட்டியே போகும்.

## அறிகுறி: சுடுதண்ணீர் சீக்கிரம் தீர்கிறது அல்லது சூடே ஏறவில்லை

தீர்வதற்கு எளிய காரணம் தெர்மோஸ்டாட் குமிழ் நகர்ந்திருப்பது. அதற்கடுத்தது அடிவண்டல், அது இடத்தைப் பிடித்துக்கொண்டால் தொட்டியின் கொள்ளளவே குறையும். மூன்றாவது, உப்பு ஓடு உணரியையும் மூடிவிட்டது. எலிமெண்டுக்குப் பக்கத்தில் மட்டும் சூடு தேங்கி, தண்ணீர் முழுதும் சூடாகும் முன்பே தெர்மோஸ்டாட் நின்றுவிடும். இரண்டுக்கும் மேலே சொன்ன சுத்தம்தான்.

சூடே ஏறவில்லை என்றால் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் மின்சாரம் வரவில்லை அல்லது அதிசூட்டுத் தடுப்பான் விழுந்திருக்கிறது. தடுப்பானை ஒருமுறை மட்டும் அமுக்கிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். விளக்கு எரிந்தும் தண்ணீர் குளிர்ந்தே இருந்தால் எலிமெண்ட் அறுந்திருக்கலாம்.

## அறிகுறி: கீசர் போட்டதும் மின்சாரம் விழுகிறது

இதில் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: எது விழுந்தது என்று பார்ப்பது. எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் அல்லது அதிக சுமை. ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் மின்கசிவு, வீடுகளில் வழக்கமாக இருக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றத்தான் விழுகிறது. எலிமெண்ட் உறை விரிந்து தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள், ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேர் இணைப்பும் கொடுக்காதீர்கள். எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்தக் குளியலறையில் கீசர் வேண்டாம். குழாயைத் தொடும்போது சுருக்கென்றாலும் இதே முடிவுதான்.

## அறிகுறி: கீசரின் சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிறது

சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது கோளாறே இல்லை. 15 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 65-க்கு ஏறும்போது கால் லிட்டர் அளவுக்கு விரிவடையும், அது போக வழி வேண்டும். ஆறிய பிறகும் சொட்டினால் வால்வின் இருக்கையில் உப்புத் துகள் மாட்டியிருக்கும். நெம்புகோல் உள்ள வால்வு என்றால் தண்ணீர் ஆறிய நேரத்தில் இரண்டு மூன்று முறை தூக்கி விடுங்கள், துகள் அடித்துக்கொண்டு போகும். அப்படியும் நிற்கவில்லையென்றால் வால்வை மாற்றுங்கள். புது வால்வும் சொட்டினால் வீட்டுக் குழாய் அழுத்தம் அதிகம், பிளம்பர் பார்க்கவேண்டும். சொட்டுவதை நிறுத்த வால்வை அடைப்பது மட்டும் கூடவே கூடாது. தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டி வெடிக்கும்.

## அறிகுறி: வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை

குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, நெகிழ்குழாய் மெஷினுக்குப் பின்னால் மடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியென்றால் குழாயை மூடி, கீழே பக்கெட் வைத்து, மெஷின் பக்கத்து இணைப்பைக் கழற்றுங்கள். நெகிழ்குழாய் முனையைப் பக்கெட்டில் விட்டு ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். பத்து லிட்டர் பக்கெட் நிரம்பினால் வரத்து தாராளம், கோளாறு அதற்கு அப்பால்தான்.

இப்போது மெஷினின் பின்பக்கம், இணைப்பு கழன்ற வாயைப் பாருங்கள். உள்ளே சின்ன பிளாஸ்டிக் வலை இருக்கும், நடுவில் பிடிக்க ஒரு முனை. மூக்கு பிளையரால் நேராக இழுங்கள். என் அக்கா வீட்டு மெஷினில் அதை இழுத்தபோது வலை தெரியவேயில்லை. மணலும் உப்பும் சேர்ந்து சிமெண்டு வில்லை மாதிரி கெட்டியாகியிருந்தது. அதற்கு முன்பே ஒருவர் வந்து இன்லெட் வால்வை (மெஷினுக்குள் தண்ணீரை விடும் மின்வால்வை) மாற்றி, அதற்கான காசையும் வாங்கிப் போயிருந்தார். கால்மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து மாட்டினோம், மெஷின் வழக்கம்போல ஓடியது. அன்றிலிருந்து யார் அழைத்தாலும் அந்த வலையைத்தான் முதலில் கேட்கிறேன். குழாய்ப் பக்கத்து முனையிலும் சில நெகிழ்குழாய்களில் இன்னொரு வலை இருக்கும், அதையும் விடாதீர்கள்.

வலை சுத்தம், வரத்தும் தாராளம், அப்படியும் ஏறவில்லையென்றால்தான் இன்லெட் வால்வு. தண்ணீர் ஏறும் கட்டத்தில் காதை வைத்துக் கேளுங்கள். ரீங்காரம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால் வால்வுக்குள் உப்பு இறுகியிருக்கும். சத்தமே இல்லையென்றால் மின்பக்கம். இரண்டுக்கும் டெக்னீஷியன் வேண்டும். மெஷின் நிறுத்தியிருக்கும்போதும் தண்ணீர் மெதுவாக ஏறினால் வால்வு மூடாமல் நிற்கிறது. அவர் வரும்வரை குழாயை மூடிவையுங்கள், இல்லாவிட்டால் வீடு வெள்ளமாகிவிடும்.

## அறிகுறி: துணி விறைக்கிறது, வெள்ளை பழுப்பேறுகிறது

துவைத்த துணியை மறுபடி மெஷினில் போட்டு, சலவைத்தூள் எதுவும் இல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். நுரை வந்தால் நீங்கள் தூளை அதிகம் போடுகிறீர்கள் அல்லது மெஷினை அடைத்து நிரப்புகிறீர்கள், அலசல் போதவில்லை. நுரையே வராமல் விறைப்பு மட்டும் இருந்தால் உப்பு. அப்போது தூளைக் கொஞ்சம் கூட்டவேண்டியிருக்கும்; பாக்கெட்டின் பின்புறம் கடினநீருக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதைப் பாருங்கள். சோப்புக் கட்டியால் துவைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து துணியிலேயே படியும். எப்போதாவது கடைசி அலசலில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, துணி மென்மையாக்கி (கண்டிஷனர்) ஊற்றும் அறையில் விடலாம். அன்று பிளீச் வேண்டாம்.

மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டரில் படிந்த உப்புக்கு, துணியில்லாமல் 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஒரு முறை ஓட்டி, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். கையேட்டில் தயாரிப்பாளர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். 60 டிகிரியில் வைத்து இருபது நிமிடம் கழிந்தும் கதவுக் கண்ணாடி குளிர்ந்தே இருந்தால் ஹீட்டரோ வெப்ப உணரியோ போயிருக்கும். அது உங்கள் வேலை இல்லை.

## அறிகுறி: ஆர்.ஓ. இயந்திரத்தில் தண்ணீர் மெதுவாக வருகிறது

இங்கேதான் டி.டி.எஸ். மீட்டர் உதவும். உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே 1000 என்றால் நல்ல மெம்பிரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) வெளியே 100-க்குள் கொடுக்கும். 200-ஐத் தாண்டினால் அது ஓய்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் இயந்திரத்தில் டி.டி.எஸ். கட்டுப்படுத்தும் திருகு இருந்தால் அது கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்துவிடும். அளக்கும்போது அதை மூடிவிட்டு அளங்கள், இல்லாவிட்டால் நல்ல மெம்பிரேனைத் தூக்கி எறிவீர்கள்.

எண் நன்றாக இருந்து வேகம் மட்டும் குறைந்தால் உள்குழாய், முன்வடிகட்டி, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். வெளியே தொங்கும் வெள்ளை வடிகட்டி பழுப்பாகியிருந்தால் அதை மட்டும் மாற்றி ஒரு நாள் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மெம்பிரேனில் உப்பு. கழிவுநீர்க் குழாயை முழுக்க அடைத்துத் தண்ணீரை மிச்சப்படுத்தச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், உப்பு வெளியேற வழியில்லாமல் மெம்பிரேன் வெகு சீக்கிரம் அடைத்துவிடும்.

## அறிகுறி: கெட்டிலில் வெள்ளைச் செதில், இஸ்திரியில் வெள்ளைக் கறை

செதில் குடித்தாலும் கெடுதல் இல்லை. கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, கொதிக்கும் முன் நிறுத்தி, ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டு அரைமணி விட்டு, இரண்டு முறை அலசுங்கள். உலோகக் கம்பியால் சுரண்டாதீர்கள். கொதித்த பிறகும் தானாக நிற்கவில்லையென்றால் மூடி சரியாக அமரவில்லை அல்லது ஆவி போகும் துளை அடைத்திருக்கிறது. அதற்கும் மேல் போனால் பழுதுபார்க்கும் கூலியை விடப் புதியது மேல்.

நீராவி இஸ்திரிக்கு வினிகர் ஊற்றாதீர்கள், உள்பூச்சையும் சீலையும் கெடுக்கும். தானே சுத்தமாகும் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இனி காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கண்ணாடி மங்கினால் வினிகர் தொட்டுத் துடையுங்கள். தெளிந்தால் உப்புப் படிவு, உப்பு அறையை நிரப்பி கடினத்தன்மை அளவை ஏற்றுங்கள். தெளியவில்லையென்றால் கண்ணாடியே அரித்துவிட்டது, அது திரும்பாது.

## அறிகுறி: ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஓடுகிறது

டேங்கில் இரண்டு சொட்டு நிறச்சாயம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரைமணி விடுங்கள். கோப்பையில் நிறம் வந்தால் அடி ரப்பரில் உப்புப் பிசிறு, துடைத்தால் போதும். நிறம் வராமல் தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டால் மிதவை வால்வின் சின்ன வாய் அடைத்திருக்கிறது. மூடியைத் திருகி எடுத்து அலசலாம், வாஷர் கெட்டியாகியிருந்தால் மாற்றுங்கள்.

## அறிகுறி: மென்னீராக்கி (சாஃப்ட்னர்) மாட்டியும் உப்பு படிகிறது

முதலில் பைபாஸ் வால்வு, அதாவது மென்னீராக்கிக்குள் போகாமல் தண்ணீரை நேராக வீட்டுக்கு விடும் வால்வு. தொட்டி கழுவ யாராவது திருப்பியிருப்பார்கள், மறுபடி மாற்றியிருக்க மாட்டார்கள். அடுத்தது உப்புத் தொட்டி. மேலே உப்பு நிறைந்து தெரிந்தாலும் ஒரு கம்பால் குத்திப் பாருங்கள். மேலோடு பாலம் கட்டி அடியில் வெற்றிடமாக இருந்தால் உப்பு கரையவே இல்லை. பாலத்தை மெதுவாக உடைத்துவிட்டு ஒருமுறை மறுவூட்டம் (சுண்ணாம்பைப் பிடிக்கும் ரெசினை உப்புக் கரைசலால் புதுப்பிக்கும் சுற்று) ஓட்டுங்கள். மின்சாரம் போய்வந்ததில் கடிகாரம் தவறியிருந்தால் அதையும் திருத்துங்கள்.

பிறகு சோப்புப் பாட்டில் சோதனையை இரண்டு இடத்தில் செய்யுங்கள்: மென்னீராக்கிக்கு முன் உள்ள குழாயில் ஒன்று, பின் உள்ள குழாயில் ஒன்று. டி.டி.எஸ். குறையவில்லையே என்று கவலைப்படாதீர்கள். சுண்ணாம்பின் இடத்தில் சோடியம் வருவதால் அந்த எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டு மறுவூட்டத்துக்குப் பிறகும் இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி திரிந்தால் உள்ளே இருக்கும் ரெசின் ஓய்ந்துவிட்டது அல்லது தலைவால்வு கசிகிறது. டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் அந்த இரண்டு பாட்டிலையும் முன்னால் வையுங்கள்.